இருபத்துமூன்று தலைத்துணிகள்

நெருப்பெரிச்சல்
06.08.2025, புதன், காலை 11.20
உங்கள் கடிதத்தில் வரிகள் 9, கேட்ட உதவிகள் 2, சொன்ன காரணம் 0.

அக்கா,

இரண்டு வருடமாக ஒரு வரி இல்லை. நேற்று டீ நேரத்தில் எங்கள் பனியன் கம்பெனி செக்கிங் செக்ஷன் வெள்ளையம்மாள் வந்து, டிபன் பைக்குள்ளிருந்து மடித்த தாளை எடுத்து நீட்டினார். "சார், எங்க தெரு சுபஸ்ரீ அக்கா குடுத்துச்சு. உங்க கூடப்பொறந்தவுகளாம்லா? ஒரு வார்த்தை சொல்லலியே நீங்க" என்றார். பூண்டியில் அவர் உங்கள் தெருவிலேயே குடியிருக்கிறார் என்பது எனக்கு நேற்றுத்தான் தெரியும்.

அக்ஷராவுக்கு 28-ஆம் தேதி ஐந்து வயது முடிகிறது. 31, ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் பிறந்தநாள் பார்ட்டி. வகுப்புப் பிள்ளைகள் 22, அவளோடு 23. எல்லோருக்கும் தலையில் கட்ட மெத்தென்ற துணியில் பண்டானா தைத்துக் கொடுக்க வேண்டும். விளையாட்டும் நானே யோசித்துத் தர வேண்டும். இவ்வளவுதான் கேட்டிருக்கிறீர்கள். செய்துவிடலாம். கஷ்டமான வேலை இல்லை.

ஏன் என்னிடம் என்பதுதான் புரியவில்லை. மச்சான் குழந்தைத் துணி யூனிட் வைத்திருக்கிறார். உங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் பன்னிரண்டு மெஷின் ஓடுகிறது. மெத்தென்ற துணி ரோல் ரோலாகக் கிடக்கிறது. அதை விட்டுவிட்டு எட்டு கிலோமீட்டர் தள்ளி நெருப்பெரிச்சலில் இருக்கிற, பேச்சுவார்த்தை இல்லாத தம்பியிடம் துணி கேட்கிறீர்கள்.

பழையதைக் கிளறவில்லை, ரெக்கார்டுக்காக எழுதுகிறேன். 2023 ஆகஸ்டில் நான் ஏற்றுமதிச் சரக்கைச் சோதிக்கிற இன்ஸ்பெக்ஷன் கம்பெனியில் இருந்தேன். மச்சானுடைய சரக்கைப் பார்க்க என்னை அனுப்பினார்கள். இழுத்துப் பிடித்தால் பத்து நொடி தாங்க வேண்டிய பிரஸ் பட்டன் நாலு நொடியில் பிய்ந்தது. குழந்தை வாயில் போட்டால் என்ன ஆகும்? ஃபெயில் என்று எழுதினேன். "மாப்பிள்ளைன்னு கதவத் தொறந்தனுங்க, இன்ஸ்பெக்டராட்ட வந்து நின்னுட்டானுங்க" என்று மச்சான் ஊரெல்லாம் சொன்னார். நான் போனில் ஓகே சொன்னதாகவும் சொன்னார். சொல்லவில்லை. அன்றிலிருந்து சொந்தக்காரர் விஷயத்தை நான் போனில் பேசுவதில்லை. உங்கள் இரண்டு நம்பரும் பிளாக்கில்தான் இருக்கின்றன. எதுவானாலும் தாளில் எழுதுங்கள்.

அதே மாதம் என் மடியில் உட்கார வைத்து அக்ஷராவுக்குக் காது குத்துவதாக இருந்தது. தள்ளிப்போட்டீர்கள். எனக்குத் தெரிந்து இன்னும் குத்தவில்லை.

காரணம் எழுதுங்கள். துணி தருகிறேன்.

இளங்குமரன்

*

திருமுருகன்பூண்டி
8.8.25, வெள்ளி

கண்ணு குமரா,

கூடப் பிறந்தவளுக்கு எழுதுகிற கடிதமா இது, சரக்குப் பெட்டியில் ஒட்டுகிற ரிப்போர்ட்டா? மூன்று தடவை படித்தேன். 'நல்லா இருக்கீங்களா' ஒரு இடத்தில்கூட இல்லை. நானே சொல்லிவிடுகிறேன், நல்லாயிருக்கிறோம்.

யூனிட்டில் துணி இருக்கிறதுதான். ஆனால் அங்கே ஒரு மீட்டர் வெட்டினால் பன்னிரண்டு பேரும் 'எதுக்குங்க அக்கா' என்பார்கள். எனக்குப் பதில் சொல்லி மாளாது. அதோடு துணியைத் தொட்டுப் பார்த்தே நல்லது கெட்டது சொல்லுகிற கை உன்னுடையது. அதனால்தான் கேட்டேன். காரணம் போதுமா?

தீம் என்று ஒன்று வைக்கிறார்களே, அக்ஷராவே தேர்ந்தெடுத்துவிட்டாள். கடல் கொள்ளையர். 'கொள்ளைக்கார பர்த்டே' என்றுதான் வீடெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். போன வாரம் உன் மச்சானை நாற்காலியோடு துப்பட்டாவால் கட்டிப்போட்டு, "உங்க புதையல் எங்கீங்க அப்பா?" என்று கேட்டாள். பாவம், டீ ஆறிப்போகிற வரைக்கும் மனுஷன் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

காலை பத்து மணிக்குப் பிள்ளைகளை விட்டுவிட்டுப் பன்னிரண்டரைக்கு வந்து கூட்டிப்போவார்கள். இடம் மாடியில் இருக்கிற ஷெட்.

தலைத்துணி கறுப்பு வேண்டாம், பயப்படுவார்கள். சிவப்பு போதும். சாயம் இறங்கக் கூடாது. உள்ளே லேபிள் வேண்டாம். தையல் பிசிறு வெளிப்பக்கம் வரட்டும், தலையில் படக் கூடாது. அக்ஷராவுடையது மட்டும் இரண்டு மடிப்பாக, பின்னால் எலாஸ்டிக் வைத்து, காது மூடுகிற அளவுக்கு இறக்கித் தை. ஓடினாலும் குதித்தாலும் கழன்று வரக் கூடாது. அவள் தலைச் சுற்றளவு 49 சென்டிமீட்டர்.

நீ வருவாயா என்று இப்போது கேட்கவில்லை. மச்சானிடம் பேச வேண்டும்.

சுபா

*

நெருப்பெரிச்சல்
11.08.2025, திங்கள், பகல் 2.05
விளையாட்டுகள் 6, மொத்த நேரம் 110 நிமிடம், பதில் வராத கேள்வி 1.

அக்கா,

சாதாரண தலைத்துணிக்கு யாரும் இப்படி அளவு சொல்ல மாட்டார்கள். பிறந்த குழந்தைத் துணி வாங்குகிற வெளிநாட்டு பையர்கூட இவ்வளவு கேட்பதில்லை. பிசிறு வெளியே, லேபிள் இல்லை, இரண்டு மடிப்பு, காது மூட வேண்டும். 22 பிள்ளைகளுக்கு ஒன்று, அக்ஷராவுக்கு வேறு ஒன்று. ஏன்? பன்னிரண்டு பேர் 'எதுக்குங்க' என்று கேட்டால் 'பர்த்டேக்கு' என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. அதைச் சொல்வதில் என்ன சிரமம்?

இருக்கட்டும். விளையாட்டு எழுதுகிறேன். ஐந்து வயதுப் பிள்ளைகளை ஒரே விளையாட்டில் ரொம்ப நேரம் நிறுத்த முடியாது. அதனால் ஒவ்வொன்றையும் சின்னச் சின்னச் சுற்றாகப் பிரித்திருக்கிறேன்.

முதலில் பீரங்கி. காலி நூல் கோன்களைக் கோபுரமாக அடுக்கித் துணிப் பந்தால் அடிப்பது. கோன் நான் அனுப்புகிறேன். அடுத்தது பலகை நடை. அட்டைப் பெட்டியைப் பிரித்து நீளமாகத் தரையில் போட வேண்டும். இரண்டு பக்கமும் நீல பனியன் துணி வேஸ்ட்டைக் கொட்டினால் அதுதான் கடல். கால் கடலில் பட்டால் முதலை. முதலையாக யாராவது பெரியவர் படுத்துக்கொள்ள வேண்டும், மச்சான் சரியாக இருப்பார். மூன்றாவது, தலைத்துணியைக் கண்ணுக்கு இறக்கிக் கட்டிக்கொண்டு கப்பல் படத்தில் கொடி ஒட்டுவது. நான்காவது துணி மாற்று. பாட்டு நின்றதும் தன் தலைத்துணியைக் கழற்றிப் பக்கத்துப் பிள்ளைக்குக் கட்டிவிட வேண்டும். ஐந்தாவது தண்ணீர் பலூன். கடைசியில் புதையல் வேட்டை, மேப் நான் வரைந்து தருகிறேன்.

ஷெட்டின் நீளம், அகலம், உயரம், எத்தனை வாசல், தரை வழுக்குமா, பக்கத்தில் மெஷின் எதுவும் இருக்கிறதா, எழுதுங்கள். 23 பிள்ளைகள் ஓடுகிற இடம், கணக்கில்லாமல் விட முடியாது.

இளங்குமரன்

*

பூண்டி
13.8.25

குமரா,

உன் கடிதத்தை வீட்டில் வைத்துப் படித்தது தப்பாகிவிட்டது. மச்சான் பார்த்துவிட்டார். முதலை வரைக்கும் சிரித்துக்கொண்டேதான் படித்தார். ஷெட் நீளம், அகலம், வாசல், மெஷின் என்று வந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "ஏனுங்க சுபா, உங்க தம்பி பர்த்டேக்கு வர்றானுங்களா, இன்ஸ்பெக்ஷனுக்கு வர்றானுங்களா? ஊட்டுக்குள்ள மெஷின் ஓட்டறேன்னு எவங்கிட்டயாச்சும் எழுதிப் போடப் போறானுங்களா?" என்றார். நான் என்ன சொல்ல? எனக்கே ஒரு நிமிஷம் அந்தப் பயம் வந்தது. அப்படி எதுவும் இல்லைதானே? ஷெட்டில் மெஷின் கிடையாது. காலி இடம். அது போதும் உனக்கு.

விளையாட்டில் பீரங்கி நன்றாக இருக்கிறது. பலகை நடை ரொம்ப நன்றாக இருக்கிறது. புதையலும் சரி. மற்ற மூன்றையும் அடித்துவிட்டேன். கண்ணுக்குத் துணி இறக்குவது வேண்டாம். துணி மாற்று வேண்டவே வேண்டாம். தண்ணீர் பலூனும் வேண்டாம், தலை நனையும். தலைத்துணியைக் கழற்றுகிற மாதிரி எந்த விளையாட்டும் வரக் கூடாது. உள்ளே வரும்போது கட்டிக்கொண்டால் கிளம்புகிற வரைக்கும் எல்லோர் தலையிலும் இருக்க வேண்டும். ஏன் என்று கேட்காதே. அது தீம்.

பாட்டுப் பெட்டி, ஸ்பீக்கர் எல்லாம் நம் பெரியப்பா மகன் ரித்தீஷ் கொண்டுவருவான். இப்போதெல்லாம் கார் எடுத்துக்கொண்டு அடிக்கடி வந்து போகிறான். கூப்பிட்ட உடனே வருகிறான், நல்ல பிள்ளை.

சுபா

*

நெருப்பெரிச்சல்
16.08.2025, சனி, காலை 9.30
இத்துடன் சாம்பிள் தலைத்துணி 1. சந்தேகத்துக்கான காரணங்கள் 5.

அக்கா,

நீங்கள் சொன்ன அளவுக்கு அக்ஷராவுடையதை முதலில் தைத்துவிட்டேன். குழந்தைகளுக்குத் தைக்கிற இன்டர்லாக் பின்னல் துணி. மூன்று தடவை துவைத்துப் பார்த்தேன், சாயம் இறங்கவில்லை. போட்டுப் பார்த்துச் சொன்னால் மீதி 22-ஐ வெட்டுகிறேன்.

இனி நேராகக் கேட்கிறேன். சுற்றி வளைக்க எனக்குப் பொறுமை இல்லை.

பிறந்தநாள் வியாழக்கிழமை. பார்ட்டி மூன்று நாள் தள்ளி ஞாயிற்றுக்கிழமை. ஆவணி மாதம், வளர்பிறை. காலண்டர் என்னிடமும் இருக்கிறது. அக்ஷராவுக்கு ஐந்தாவது வயது. மூன்றில் விட்டதை ஐந்தில்தான் செய்வார்கள். தலைத்துணி கழலக் கூடாது, நனையக் கூடாது, காது மூட வேண்டும், பிசிறு தலையில் படக் கூடாது. முடி இருக்கிற தலைக்குப் பிசிறு என்ன செய்யும்? மொட்டைத் தலைக்குத்தான் உறுத்தும். குத்தின காதைத்தான் மூடி வைக்க வேண்டும். கடைசியாக ரித்தீஷ். பெரியப்பா மகனும் முறைக்கு மாமன்தான். அவன் மடியிலும் காது குத்தலாம், யாரும் கேள்வி கேட்க முடியாது.

காலையில் கோயிலில் மொட்டை, காதுகுத்து. பத்து மணிக்கு வீட்டில் கொள்ளைக்கார பர்த்டே. மொட்டைத் தலையை மற்ற பிள்ளைகள் கிண்டல் செய்யக் கூடாது என்று எல்லோர் தலையிலும் துணி. கச்சிதமான பிளான். அந்தத் துணியை என்னிடமே தைக்கச் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஒரே கேள்வி. 31-ஆம் தேதி காதுகுத்து உண்டா? உண்டென்றால் யார் மடியில்?

இளங்குமரன்

*

பூண்டி
18.8.25, திங்கள்

குமரா,

காதுகுத்து இல்லை.

மொட்டையும் இல்லை, கோயிலும் இல்லை. ரித்தீஷ் மடியிலும் இல்லை, யார் மடியிலும் இல்லை. என்றைக்குக் குத்தினாலும் உன் மடியில்தான். இதை மச்சானிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வைத்தது பிள்ளைகளுக்கு அன்றைக்குத்தான் லீவு என்பதால். வளர்பிறை தேய்பிறையெல்லாம் பார்க்கிற ஆளா நான்? நம் அப்பா மாதிரியே ஆகிவிட்டாய் நீ. அவரும் இப்படித்தான், ஒருத்தர் சிரித்தால் எதற்குச் சிரித்தார் என்று இரண்டு நாள் யோசிப்பார்.

சாம்பிள் வந்தது. அவள் கையில் கொடுத்ததும் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். அப்புறம் கட்டிக்கொண்டவள்தான், கழற்றவே இல்லை. இரண்டு நாளாகத் தூங்குவதும் அதோடுதான். "மாமா தச்சதுங்களா? மாமா எங்கிருக்கறாங்க?" என்று கேட்டாள். பக்கத்தில்தான் என்றேன். "பக்கத்துல இருந்தா ஏன் வர்றதில்ல?" என்றாள். நீயே ஒரு பதில் யோசித்து வை, உனக்குத்தான் எல்லாவற்றுக்கும் காரணம் தெரியுமே.

மீதியை வெட்டிவிடு. வேறு எதுவும் இப்போது கேட்காதே. பார்ட்டி முடியட்டும், நானே எல்லாம் சொல்கிறேன். இந்த ஒரு தடவை அக்கா சொன்னதை அப்படியே நம்பு.

சுபா

*

நெருப்பெரிச்சல்
21.08.2025, வியாழன், மாலை 5.40
வெட்டியது 22, தைத்தது 14. நம்பியது 0.

அக்கா,

'பார்ட்டி முடியட்டும், சொல்கிறேன்' என்றால் சொல்ல ஏதோ இருக்கிறது. இல்லாததை யாரும் முடிந்த பிறகு சொல்ல மாட்டார்கள்.

நேற்று ரித்தீஷுக்கு போன் செய்தேன். சொந்தக்காரரிடம் போனில் பேசுவதில்லை என்ற என் விதியை நானே மீறினேன். "31-ஆம் தேதி என்னடா நடக்குது?" என்றேன்.

"பர்த்டேங்ண்ணா."

"அது தெரியும். வேற என்ன?"

"வேற ஒண்ணுமில்லீங்ண்ணா."

"அக்கா ஊட்டுக்கு எதுக்கு இத்தன தடவ கார் எடுத்துட்டுப் போறே?"

"கோயமுத்தூருக்குங்ண்ணா... இல்லீங்ண்ணா, சும்மாதானுங்க... அண்ணா, டவர் இல்லீங்க, கட் ஆகுதுங்க" என்றான். டவர் முழுசாக இருந்தது. திரும்பக் கூப்பிட்டேன். "அக்கா சொல்ல வேண்டாம்னுட்டாங்க. என்னை ஏனுங்ண்ணா மாட்டி விடறீங்க?" என்று வைத்துவிட்டான்.

கோயம்புத்தூரில் என்ன? கோயில் மாற்றிவிட்டீர்களா? ஏற்கெனவே முடித்தே விட்டீர்களா? தூங்கும்போதுகூடக் குழந்தை தலையிலிருந்து துணி இறங்கவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். சந்தேகம் வந்தால் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். பார்த்துவிட்டால் யாரும் யாருக்கும் பொய் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் சொல்லவில்லை என்றால் நான் பார்த்துக்கொள்கிறேன்.

இளங்குமரன்

*

பூண்டி
24.8.25, ஞாயிறு

இளங்குமரன்,

பார்த்துவிட்டாய்.

நேற்று சாயங்காலம் ஆறு மணிக்கு முக்குக் கடைக்குக் கிளம்பினேன். "நானும் வர்றேன்" என்றாள் அக்ஷரா. ஒரு மாதத்தில் முதல் தடவையாகத் தெருவில் இறங்கி நடக்கிறாள். உன் தலைத்துணியைக் கட்டிக்கொண்டு, கண்ணாடியில் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு வந்தாள். கடையில் அவள் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் அவர்கள் அம்மாவோடு நின்றிருந்தார்கள். "நான் கொள்ளைக்காரி" என்று அவர்களிடம் சொன்னாள். மூன்று பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே முறுக்கு வாங்கிக்கொண்டிருந்தேன்.

வெள்ளையம்மாள் வந்திருக்கிறார். "என்ன தாயி, தலையில துணி? வேக்கலியா?" என்று கொஞ்சிக்கொண்டே பின்னால் கை வைத்து ஒரே இழுப்பு. அப்புறம் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்திருக்கிறார்.

அவளுக்கு முடி இல்லை, குமரா. மொட்டை அடிக்கவில்லை. உதிர்ந்துவிட்டது.

ஜூன் மாதம் உச்சியில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வழவழவென்று இருந்தது. புழுவெட்டு என்றார்கள். ஜூலை முடிவதற்குள் பாதித் தலை. காதுக்குப் பின்னால் சுத்தமாக இல்லை. கோயம்புத்தூரில் தோல் டாக்டரிடம் காட்டுகிறோம். ரித்தீஷ் காரில்தான் போய் வருகிறோம். வலி கிடையாது, யாருக்கும் ஒட்டாது, திரும்ப வளரலாம், வளராமலும் போகலாம் என்கிறார் டாக்டர். ஏன் வந்தது என்று கேட்டேன். சொல்ல முடியாதும்மா என்றார்.

உன்னிடம் ஏன் மறைத்தேன் என்று இப்போது கேட்பாய். காரணமே இல்லாமல் ஒன்று வரும் என்பதை நீ ஒத்துக்கொள்ள மாட்டாய். என்ன ஷாம்பு, என்ன எண்ணெய், கீழே யூனிட்டில் பறக்கிற பஞ்சா, துணியில் இருக்கிற கெமிக்கலா என்று நோண்டிக்கொண்டே இருப்பாய். கடைசியில் உன் மச்சான் பெயரை எழுதுவாய், இல்லாவிட்டால் என் பெயரை. எங்களுக்கு அதைத் தாங்குகிற தெம்பு இல்லை.

ஜூலைக் கடைசியிலிருந்து அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லி வைத்திருந்தோம். ஒருநாள் டிவியில் கார்ட்டூன் பார்த்துவிட்டு, "கொள்ளைக்காரங்களுக்கு முடி இருக்குதா இல்லையான்னே தெரியறதில்லீங்ம்மா" என்றாள். அதிலிருந்து வந்ததுதான் இந்தத் தீம். 23 பேரும் ஒரே மாதிரி தலையில் துணி கட்டி இரண்டரை மணி நேரம் விளையாடுவார்கள். மறுநாள் திங்கட்கிழமை வகுப்புக்கும் எல்லோரும் அதே துணியோடு வரலாம், ஒரு வாரம் கட்டிக்கொண்டு இருக்கலாம் என்று மிஸ் ஒத்துக்கொண்டார். அந்த ஒரு வாரத்தில் அவள் வகுப்புக்குள் போய் உட்கார்ந்துவிட்டால், பிறகு மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இவ்வளவுதான் என் பிளான்.

கடையில் ஒரு பிள்ளை அலறிக்கொண்டு தன் அம்மா பின்னால் ஒளிந்தது. நான் வெளியே ஓடி வந்தபோது வெள்ளையம்மாள் துணியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார். "சார்தான் தலையையும் காதையும் பாத்துட்டு வரச் சொன்னாவ, எனக்கு ஒண்ணும் தெரியாது தாயி" என்றார். அக்ஷரா பக்கத்தில்தான் நின்றிருந்தாள். "சார்னா மாமாவா?" என்று கேட்டாள்.

ஏழு மணிக்கு வகுப்பு அம்மாக்கள் குரூப்பில் படையா, சொறியா, ஒட்டுமா என்று ஆரம்பித்துவிட்டார்கள். நான் எழுதியதை யாரும் படித்த மாதிரி தெரியவில்லை. ராத்திரிக்குள் ஏழு பேர் வர முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

அவள் உன் துணியைக் கட்ட மாட்டேன் என்கிறாள். ஒரு பழைய துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறாள். மச்சான் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருக்கிறார். உன்னைத் திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலை.

வெள்ளையம்மாள் வாசலில் வந்து நின்றுகொண்டே இருந்தார். அதனால் இதை அவரிடமே கொடுத்தனுப்புகிறேன்.

சுபஸ்ரீ

*

நெருப்பெரிச்சல்
25.08.2025, திங்கள், பகல் 1.15
வர முடியாது என்ற வீடுகள் 7. தைத்து முடித்த தலைத்துணிகள் 22. இதற்குப் பொறுப்பு 1, நான்.

அக்கா,

காலை எட்டேகாலுக்குக் கடிதம் வந்தது. வெள்ளையம்மாள் கொடுத்துவிட்டு நகரவில்லை. "இருவது வருசமா பீஸத் திருப்பித் திருப்பிப் பாத்த கை சார். புள்ள தலையையும் அப்படியே திருப்பிட்டேன். மொட்டையான்னும் காது குத்தியிருக்கான்னும் மட்டும் பாருங்கன்னீயளே, அது கெடந்த கெடப்பு... ஏன் சார், நீங்க உங்க அக்காட்ட நேரா கேக்கக்கூடாதா?" என்றார். கேட்டேன், நம்பவில்லை என்றேன். "பொறவு என்னத்துக்குக் கேட்டீய?" என்றார். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. நான் சொன்னதைச் செய்தார். திட்ட வேண்டாம்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் செய்தது என்ன தெரியுமா? இது எதனால் வரும் என்று போனில் தேட ஆரம்பித்தேன். பஞ்சு, சாயம், கெமிக்கல். பதினைந்து நிமிடம் தேடினேன். நீங்கள் பயந்தது அப்படியே சரி. பிறகு போனை மேசைக்குள் வைத்தேன்.

ஐந்து வயதில் ஒரு பிள்ளை கண்ணாடியில் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டுத் தெருவுக்கு வந்திருக்கிறது.

பார்ட்டியை நிறுத்த வேண்டாம் என்று நான் சொல்ல முடியாது, அதை அவளும் நீங்களும் முடிவு செய்யுங்கள். நிறுத்தினாலும் நிறுத்தாவிட்டாலும் நான் செய்யப்போவது இது:

1. இன்று மூன்று மணிக்குப் பர்மிஷன் போட்டிருக்கிறேன். அந்த ஏழு வீடுகள் எவை என்று வெள்ளையம்மாள் தெருவில் விசாரித்து வைத்திருக்கிறார். இரண்டு பேரும் போகிறோம். ஒட்டாது என்று சொல்வேன். கூட்டத்தில் ஒரு குழந்தையின் தலைத்துணியை இழுக்கச் சொன்னவன் நான்தான், கோபம் என் மேல் இருக்கட்டும் என்றும் சொல்வேன். வெள்ளையம்மாளும் தன் கையால் தொட்டதைச் சொல்வார். டாக்டர் சீட்டு உங்களிடம் கேட்க மாட்டேன். அக்ஷரா பெயர் போட்ட ஒரு தாளையும் யாருக்கும் காட்ட மாட்டேன்.

2. நாளை காலை அவள் வகுப்பு மிஸ்ஸைப் பார்த்து, திங்கட்கிழமை ஏற்பாடு அப்படியே நடக்கட்டும் என்று கேட்பேன். நீங்கள் வேண்டாம் என்றால் இன்றே வெள்ளையம்மாளிடம் சொல்லியனுப்புங்கள், போக மாட்டேன்.

3. மச்சானுக்கு இன்று நானே போன் செய்வேன். அவர் திட்டி முடிக்கும் வரை வைக்க மாட்டேன். குழந்தைக்கு ஏன் இப்படி ஆனது என்று அவரிடமும் கேட்க மாட்டேன், உங்களிடமும் கேட்க மாட்டேன், டாக்டரிடமும் போய்க் கேட்க மாட்டேன்.

4. அக்ஷராவுக்கு வேறு துணி தைக்க மாட்டேன். அவளாகக் கேட்டால், நிறத்தையும் அளவையும் அவள் சொன்னால், தைப்பேன்.

5. கோன், அட்டை, நீல வேஸ்ட் மூட்டை எல்லாம் சனிக்கிழமை ரித்தீஷ் காரில் வரும். அவனிடமும் பேசிவிட்டேன். பதினைந்து பேர் வந்தாலும் சரி, இரண்டு பேர் வந்தாலும் சரி, பலகை போடுவோம். முதலையாக நான் படுத்துக்கொள்கிறேன்.

6. ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு உங்கள் வீட்டு கேட்டுக்கு வெளியே நிற்பேன். பெல் அடிக்க மாட்டேன். உள்ளே வரச் சொல்லி அக்ஷரா கூப்பிட்டால் வருவேன். நீங்களோ மச்சானோ கூப்பிட்டால் போதாது.

இளங்குமரன்